வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நுரையீரல் சுருங்கினால்: உறவினர்கள் அறிய வேண்டியவை

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: “நேற்று இரவு வரை நன்றாகத்தானே இருந்தார், டாக்டர்? காலையில் வந்து பார்த்தால் மார்பில் குழாய் போட்டிருக்கிறீர்களே, என்ன ஆயிற்று?” திருநின்றவூரிலிருந்தும் செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் முதல் மின்சார ரயிலைப் பிடித்து வேப்பம்பட்டில் இறங்கி, கையில் கஞ்சிப் பாத்திரத்துடன் வந்து நிற்கும் ஒருவருக்கு அந்தக் காட்சி எத்தகைய அதிர்ச்சியைத் தரும் என்பதை நாங்கள் அறிவோம். அவசரத்தில் நாங்கள் கூறும் விடை பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது: “நுரையீரல் சுருங்கிவிட்டது. காற்றை வெளியேற்றக் குழாய் வைத்திருக்கிறோம்.” அந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பின்னால் உள்ளவற்றை நிதானமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நுரையீரல் எவ்வாறு விரிந்து நிற்கிறது?

நுரையீரல் தானாக விரிந்து நிற்கும் உறுப்பன்று. அதன் இயல்பு பலூனைப் போன்றது; விட்டால் சுருங்கிக்கொள்ளும். அதைச் சுருங்கவிடாமல் மார்புச் சுவரோடு ஒட்டி நிறுத்துபவை இரண்டு மெல்லிய உறைகள். ஒன்று நுரையீரலைப் போர்த்தியிருக்கிறது. மற்றொன்று மார்புச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கிறது. இரண்டிற்கும் நடுவே சில மில்லிலிட்டர் நீர்மம் மட்டுமே இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை நகரும். ஆனால் எளிதில் பிரியா. அவ்வாறே இவ்விரு உறைகளும் மூச்சுக்கு மூச்சு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்தபடி, நுரையீரலை விரிந்த நிலையில் வைத்திருக்கின்றன.

இந்த இடைவெளிக்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தப் பிடிப்பு அறுந்துவிடுகிறது. நுரையீரல் தன் இயல்புப்படி உள்நோக்கிச் சுருங்குகிறது. இதையே மருத்துவர்கள் நியூமோதோராக்ஸ் என்று கூறுகின்றனர். 1803-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் இட்டார்ட் இப்பெயரைச் சூட்டினார். ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய லென்னெக், 1819-இல் வெளியிட்ட தம் நூலில் இந்நோயின் அடையாளங்களைத் தெளிவாக விவரித்தார். காதால் கேட்டே இதைக் கண்டறியலாம் என்று அவர் காட்டிய வழி இன்றும் எங்களுக்குத் துணைநிற்கிறது.

ஒரே சொல், இரு வேறு நோய்கள்

“நுரையீரல் சுருங்கிவிட்டது” என்று நாங்கள் கூறும்போது அதற்கு இரண்டு பொருள்கள் இருக்கக்கூடும். உறவினர்கள் குழப்பமடைவது இவ்விடத்தில்தான்.

முதலாவது, மேலே கூறியவாறு நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கி, அது நுரையீரலை அழுத்துவது. இரண்டாவது, மூச்சுக்குழாயின் ஒரு கிளையைச் சளிக்கட்டி அடைத்துக்கொள்வதால், அதற்கு அப்பாலுள்ள பகுதிக்குக் காற்றே செல்லாமல் அது வற்றிச் சுருங்குவது. தொண்டை வழியாகச் செலுத்திய குழாய் சற்று ஆழமாக நகர்ந்து வலப்புற நுரையீரலுக்குள் மட்டும் சென்றுவிட்டாலும் இடப்புற நுரையீரல் இவ்வாறு சுருங்கலாம்.

இரண்டிலும் ஆக்சிஜன் அளவு குறையும். இரண்டிலும் ஒரு பக்க மார்பு சரியாக அசையாது. ஆனால் சிகிச்சையோ நேர்மாறானது. சளி அடைப்பிற்குச் சளியை உறிஞ்சி எடுக்கவேண்டும். நுரையீரலை விரிக்கக் கூடுதல் அழுத்தம் தரவேண்டியும் வரலாம். வெளியே காற்று தேங்கியிருக்கும்போது அதே கூடுதல் அழுத்தத்தைத் தந்தால் கசிவு மிகுந்து நிலைமை மோசமாகும். எனவே எது நேர்ந்தது என்று பிரித்தறிவதே முதற்கடமை. கழுத்தின் நடுவிலுள்ள மூச்சுக்குழல் சில வேளைகளில் இதற்குக் குறிப்புத் தரும். சளி அடைத்துச் சுருங்கிய பகுதி அதைத் தன் பக்கம் இழுக்கும். தேங்கிய காற்றோ அதை எதிர்ப்பக்கம் தள்ளும். எனினும் இக்குறி தாமதமாகவே தோன்றுவதால், அதற்காக நாங்கள் காத்திருப்பதில்லை.

வென்டிலேட்டரில் ஆபத்து ஏன் மிகுதி?

நாம் இயல்பாக மூச்சு விடும்போது மார்பு விரிகிறது. அதனால் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வென்டிலேட்டர் இதற்கு மாறாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் இந்த முறையைப் பயன்படுத்தினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சளித்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்துதான் வளர்ந்தன. எண்ணற்ற உயிர்களைக் காத்த முறை இது. ஆயினும் அழுத்தித் தள்ளும் காற்றுக்கு ஒரு விலை உண்டு.

சைக்கிள் டியூபில் நுண்ணிய ஓட்டை இருக்கும்போது பம்பினால் காற்றடித்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் அடிக்கும் காற்று ஓட்டை வழியே வெளியேறும். டியூப் டயருக்குள் அடைபட்டிருந்து, அந்தக் காற்று வெளியே போக வழியில்லாவிட்டால், அது டியூபையே அழுத்தத் தொடங்கும். நுரையீரலில் கசிவு ஏற்பட்ட நோயாளிக்கு வென்டிலேட்டர் மூச்சளிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. கசிவு பல வேளைகளில் ஒருவழிக் கதவுபோல இருக்கும். காற்று போகும், திரும்பாது. நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு என்றால் பதினைந்து முறை காற்று சேர்கிறது. தேங்கிய காற்று முதலில் நுரையீரலை அழுத்தும்; பிறகு இதயத்தையும், இதயத்திற்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய நாளங்களையும் அழுத்தும். இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் இரத்த அழுத்தம் சரிகிறது. கவனிக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே இதயம் நின்றுவிடக்கூடும். தானாக மூச்சுவிடும் ஒருவருக்கு மணிக்கணக்கில் நிகழ்வது, வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நிமிடக்கணக்கில் நிகழலாம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இதனால்தான் இன்று நாங்கள் ஒவ்வொரு மூச்சின் அளவையும் கட்டுப்படுத்துகிறோம். கடுமையான நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, ஒரு கிலோவிற்கு 12 மில்லிலிட்டர் அளவில் மூச்சளித்தவர்களையும் 6 மில்லிலிட்டர் அளவில் மூச்சளித்தவர்களையும் ஒப்பிட்டது. முதல் குழுவில் 39.8 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 31 விழுக்காட்டினரும் உயிரிழந்தனர். அன்றுமுதல் சிறிய மூச்சே பாதுகாப்பானது என்பது உலகெங்கும் நெறியாயிற்று. இந்தக் கணக்கிற்கு நோயாளியின் உடல் எடையை அன்று, உயரத்தையே அடிப்படையாகக் கொள்கிறோம். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. சேர்க்கையின்போது செவிலியர் டேப் கொண்டு நோயாளியை அளப்பதன் காரணம் இதுவே. ஆனால் மூச்சின் அளவைக் குறைத்தாலும் கசிவின் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை.

யாருக்கு இது நேரக்கூடும்?

கடுமையான நிமோனியா, கோவிட் போன்ற நோய்களால் நுரையீரல் விறைத்துப்போனவர்கள். நெடுநாள் புகைபிடித்தலாலும் விறகடுப்புப் புகையாலும் நுரையீரலில் காற்றுக் கொப்புளங்கள் உண்டானவர்கள். கடும் ஆஸ்துமா உள்ளவர்கள். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி விலா எலும்பு முறிந்தவர்கள். இதயம் நின்று மார்பை அழுத்தி மீட்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி. கழுத்திலோ தோள்பட்டை எலும்பின் கீழோ பெரிய இரத்தநாளத்தில் ஊசிக்குழாய் வைக்கும்போதும் அரிதாக இது நேரலாம். அதனால்தான் அச்சிகிச்சைக்குப் பின் எக்ஸ்ரே எடுக்கிறோம்.

நம் பகுதியில் தனியே குறிப்பிடவேண்டியவர்கள், முன்பு காசநோய் கண்டு குணமானவர்கள். நோய் குணமானாலும் தழும்பு இருக்கும். தழும்பின் அருகே நுரையீரல் பலவீனமாக இருக்கும். காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில், சானடோரியங்களில் ஊசி வழியாக மார்புக்குள் வேண்டுமென்றே காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கச் செய்து ஓய்வளித்தனர். இத்தாலிய மருத்துவர் ஃபோர்லானினி 1882-இல் முன்மொழிந்த முறை அது. மருந்துகள் வந்தபின் அது வழக்கொழிந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் சானடோரியத்தில் தங்கியதற்கு இணையாகக் குணமாகலாம் என்று 1959-இல் உலகிற்கு எடுத்துக்காட்டியது. ஆகவே, “இருபது ஆண்டுகளுக்கு முன்பு வந்தது, இப்போது ஒன்றுமில்லை” என்று எண்ணிப் பழைய காசநோயை எங்களிடம் கூறாமல் விட்டுவிடாதீர்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அந்த ஒரு தகவல் நாங்கள் வென்டிலேட்டரை அமைக்கும் விதத்தையே மாற்றக்கூடும்.

அடையாளங்கள் யாவை?

நோயாளி மயக்கத்தில் இருப்பதால், “மூச்சு முட்டுகிறது, மார்பு வலிக்கிறது” என்று அவரால் சொல்ல இயலாது. அவருக்காக அவருடைய உடலும் கருவியுமே பேசுகின்றன. அவை கூறுவன இவை:

ஒன்று, ஆக்சிஜன் அளவு காரணம் புலப்படாமல் திடீரெனக் குறைதல்.

இரண்டு, வென்டிலேட்டரில் அழுத்தம் மிகுந்துவிட்டது என்ற எச்சரிக்கை ஒலி மீண்டும் மீண்டும் எழுதல். அல்லது ஒவ்வொரு மூச்சிலும் செல்லவேண்டிய காற்றின் அளவு குறைதல்.

மூன்று, மார்பின் ஒரு பக்கம் மட்டும் எழும்பித் தாழ, மறுபக்கம் உப்பியபடி அசையாது நிற்றல்.

நான்கு, நாடித்துடிப்பு மிகுந்து, இரத்த அழுத்தம் குறைதல். உடல் வியர்த்துக் குளிர்தல்.

ஐந்து, கழுத்து, முகம், மார்பு ஆகிய இடங்களில் தோலின் கீழே காற்று புகுந்து வீங்குதல். தொட்டால், விரல்களுக்கிடையே அரிசிப்பொரி நொறுங்குவது போன்ற உணர்வு தோன்றும்.

ஆறு, இதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென அமைதியிழந்து கருவியோடு போராடுதல்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலே நுரையீரல் சுருங்கிவிட்டது என்று பொருளன்று. எச்சரிக்கை ஒலி பெரும்பாலும் சளியாலோ இருமலாலோ எழுவதே. ஆனால் இரண்டு மூன்று அடையாளங்கள் ஒருங்கே, அதுவும் திடீரெனத் தோன்றினால், மறு எண்ணம் வரும்வரை அதை ஆபத்தாகவே கொள்ளவேண்டும்.

ஒரு மாலை நேரம்

பல நோயாளிகளிடம் நாங்கள் கண்டவற்றை ஒருவருடைய வரலாறாகத் தொகுத்து இங்கே தருகிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; அறுபது வயதைக் கடந்தவர்; நிமோனியாவால் வென்டிலேட்டரில் நான்காம் நாள். பிற்பகலில் அழுத்த எச்சரிக்கை ஒலித்தது. சளியை உறிஞ்சி எடுத்தோம், ஒலி நின்றது. அரைமணி கழித்து மீண்டும் ஒலித்தது. மீண்டும் உறிஞ்சினோம். இம்முறை சளி அதிகம் வரவில்லை. அப்போதே நாங்கள் நின்று யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. முதலில் கிடைத்த விடையே எங்கள் மனத்தில் தங்கிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் அவருடைய மகள் வந்தார். இரண்டு நிமிடம் தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் செவிலியரை அழைத்து, “சிஸ்டர், அப்பா கழுத்து காலையில இப்படி இல்லையே. வலது பக்கம் உப்பியிருக்கு பாருங்க” என்றார். செவிலியர் விரல் வைத்துப் பார்த்தார். பொரி நொறுங்குவதுபோல் இருந்தது. நாங்கள் ஓடிவந்தபோது இரத்த அழுத்தம் சரியத் தொடங்கியிருந்தது. வலப்பக்க மார்பில் மூச்சொலி இல்லை. எக்ஸ்ரேவுக்குக் காத்திராமல் ஊசியைச் செலுத்தினோம். ‘புஸ்’ என்ற ஒலியுடன் காற்று வெளியேறியது. சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் ஏறியது. பிறகுதான் மகள் சொன்னார், தந்தைக்கு இளமையில் காசநோய் இருந்ததென்று. சேர்க்கையின்போது யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் பிழைத்தார். ஆனால் அன்று மாலை மகள் வரும் ரயில் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எங்களை விட்டு அகலவில்லை. அன்றுமுதல் ஒரே எச்சரிக்கை இரண்டாம் முறை ஒலித்தால் இரு பக்க மார்பையும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்காமல் நகர்வதில்லை என்று நாங்கள் விதி வகுத்துக்கொண்டோம்.

அந்த நிமிடங்களில் நாங்கள் செய்வது என்ன?

வென்டிலேட்டரில் உள்ளவரின் நிலை திடீரெனச் சரிந்தால் நான்கு வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்கிறோம். குழாய் இடம் மாறிவிட்டதா? குழாய் அடைத்துக்கொண்டதா? நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கிவிட்டதா? கருவியில் பழுதா? இதற்காகச் சில வேளைகளில் நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து விடுவித்து, கையால் பையை அழுத்தி மூச்சளிப்போம். “மெஷினைக் கழற்றிவிட்டார்களே” என்று அஞ்சவேண்டாம். கருவியின் பழுதா, நோயாளியின் பழுதா என்று அறியும் விரைவான வழி அது.

நேரம் இருந்தால் படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் செய்கிறோம். முன்னர்க் கூறிய இரு உறைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதை அதில் காணலாம். அந்த அசைவு தெரிந்தால் அவ்விடத்தில் காற்று தேங்கவில்லை என்று உறுதி கொள்ளலாம். படுத்திருப்பவரின் எக்ஸ்ரேயில் காற்று முன்புறம் பரவி நிற்பதால் சிறு கசிவு கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். ஐயம் நீங்காவிட்டால் சி.டி. ஸ்கேன் உதவும்.

இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தால் படத்திற்குக் காத்திருப்பதில்லை. முதலில் ஊசி அல்லது சிறு கீறல் வழியே காற்றை வெளியேற்றுகிறோம். பிறகு அக்குளுக்குக் கீழே, விலா எலும்புகளின் இடையே குழாய் வைக்கிறோம். அத்தகைய வேளையில் உங்கள் கையொப்பத்திற்காகக் காத்திருக்கவும் இயலாது. உயிர் காத்தபின் உங்களை அழைத்து விளக்குவது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.

குழாயும் பாட்டிலும்

மார்பிலிருந்து வரும் குழாயின் முனை, தரையருகே உள்ள பாட்டிலில் நீருக்குள் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அமிழ்ந்திருக்கும். மார்பிலிருந்து வரும் காற்று குமிழாக வெளியேறும். வெளிக்காற்று திரும்ப உள்ளே செல்ல இயலாது. குழாயிலுள்ள நீர் மூச்சுக்கேற்ப ஏறி இறங்கினால் குழாய் அடைபடாமல் இருக்கிறது என்று பொருள். குமிழ்கள் நாளடைவில் குறைந்து நின்றால் கசிவு ஆறிவருகிறது என்று பொருள். இதற்குச் சில நாட்கள் ஆகலாம்; நோயுற்ற நுரையீரலில் வாரங்களும் ஆகலாம்.

பார்க்க வருபவர்கள் கவனிக்கவேண்டியவை: பாட்டிலை ஒருபோதும் நோயாளியின் மார்பு மட்டத்திற்கு மேலே தூக்காதீர்கள், நீர் மார்புக்குள் திரும்பக்கூடும். குழாய் மடங்கவோ உடலின் கீழ் நசுங்கவோ விடாதீர்கள். குமிழ் வரும் குழாயைக் கிள்ளியோ கட்டியோ அடைக்காதீர்கள். அடைத்தால் காற்று மீண்டும் தேங்கும். பாட்டில் கவிழ்ந்தாலோ குழாய் கழன்றாலோ உடனே செவிலியரை உரக்க அழையுங்கள். எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் பொத்தானைத் தொடாதீர்கள்.

வீட்டிலும் வழியிலும்

தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயுடன் வீட்டிலேயே வென்டிலேட்டரில் இருப்பவர்களும் உள்ளனர். அவர்களுக்கு மேற்கூறிய அடையாளங்கள் தோன்றினால் சளியை உறிஞ்சிப் பாருங்கள். சீராகாவிட்டால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். பயிற்சி பெற்றவர் கையால் பையை அழுத்தவேண்டி வந்தால், பெரியவர்களுக்கு ஆறு நொடிக்கு ஒருமுறை, மார்பு சற்றே எழும் அளவிற்கு மட்டும் மெதுவாக அழுத்தவேண்டும். பதற்றத்தில் வேகமாகவும் பலமாகவும் அழுத்துவதே பலர் செய்யும் பிழை. அது கசிவை மிகுவிக்கும். குணமாகி வீடு திரும்பியவர்கள் புகைபிடித்தலை அறவே விடவேண்டும். மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது. திடீர் மார்புவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காலை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் கண்களும் எங்களுக்குத் துணை

கருவிகள் எண்களைக் காட்டுகின்றன. ஆனால் நோயாளியின் முகம் நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதை நாற்பது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவரே அறிவார். பார்வையாளர் நேரம் குறைவுதான். அந்தச் சில நிமிடங்களில் அவருடைய கையைப் பற்றிப் பேசுங்கள். பிறகு ஒருமுறை கழுத்தையும் மார்பின் இரு பக்கங்களையும் பாருங்கள். மாற்றம் ஏதேனும் கண்டால், என்ன மாறியது, எந்தப் பக்கம், முன்பு எப்போது பார்த்தீர்கள் என்ற மூன்றையும் செவிலியரிடம் கூறுங்கள். “படித்தவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது” என்று தயங்கவேண்டாம். பத்து முறை ஒன்றுமில்லை என்று நாங்கள் கூறநேரினும், பதினோராவது முறையும் கூறுங்கள். நாங்கள் வந்து பார்ப்போம்.